பின்சீட்டில் பேசியது

விமலேஷ் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"வீட்டுக்குப் போனதீம் உங்கண்ணனுக்கு நீயே போன் பண்ணு. நேத்து சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிப்போடு. இல்லைன்னா, மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா, கால் வழுக்கிருச்சுன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும்."

கார் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. கீழே கடல். சொல்லும்போது அவன் விரல் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. யார் பார்த்தாலும் மனைவிக்குக் கப்பலைக் காட்டுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் தலையாட்டினாள்.

காரின் வேகம் சட்டென்று குறைந்தது. பிறகு பழையபடி ஓடியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

முன்னால் கண்ணாடியில் மேரியின் முகம் தெரிந்தது. காரை ஓட்டுபவரும் ஊரைச் சுற்றிக்காட்டுபவரும் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். மாநிறம். பார்வை சாலையில்தான் இருந்தது.

காலையில் எடின்பரோ ஓட்டல் வாசலில் விமலேஷ் அவரிடம் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டான். இங்கேதான், டண்டீ என்றார். பாகிஸ்தான்காரியாக இருப்பாள் என்று காரில் ஏறியதும் அவன் தமிழில் சொன்னான். அத்தோடு அவரை மறந்துவிட்டான்.

இவருக்குத் தமிழ் தெரிந்திருக்கக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். அதற்கும் இரவு ஓட்டல் அறையில் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

 மேரி வழி நெடுக ஆங்கிலத்தில் கோல்ஃபின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடலோர மணல்மேடுகளில் ஆடுகள் குளிருக்கு ஒதுங்கி, பின்னால் ஆட்டத்தின் மணற்குழிகளாகிப்போன பள்ளங்களைப் பற்றி. வில்வித்தையை விட்டுவிட்டு எல்லாரும் இதையே ஆடுகிறார்கள் என்று ஒரு ராஜா இந்த ஆட்டத்தைத் தடை செய்ததைப் பற்றி. விமலேஷ் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல நல்ல கேள்விகள் கேட்டான். கோவையில் அவனுடைய கோல்ஃப் கிளப்பில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அவள் அப்பாவுக்கும் பிடிக்கும்.

அவன் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவன் கை அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது.

கோல்ஃப் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே ஆட்டம் கிடையாது. பச்சைப் புல்வெளியில் ஊர் ஜனம் நாயோடு நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் ஓடை, அதன் மேல் கோல்ஃப் ஆடுபவர்களிடம் பேர்பெற்ற சின்னக் கல்பாலம். அதில் நின்று படம் எடுத்துக்கொள்ளத்தான் அவன் இத்தனை தூரம் வந்திருந்தான்.

பாலத்தின் முன்னால் வரிசை நின்றது.

அவளைக் காரிலேயே இருக்கச் சொன்னான். அழுத முகத்தோடு படத்தில் வேண்டாமாம். அண்ணனிடம் பேசியது தெரிந்ததிலிருந்து அவளுடைய போன் அவன் பையில் இருந்தது. அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு இறங்கினான்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று காரை மெல்ல ஆட்டியது. மேரி திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. புல்வெளியைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளை, நான் பிறந்தது பருத்தித்துறை. எனக்குத் தமிழ் விளங்கும்."

அவள் ஜன்னல் வழியே விமலேஷ் எங்கே என்று பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க அக்கா. அவரு சும்மா விளையாட்டுக்கு..."



மேரி மறுத்துப் பேசவில்லை. பாஸ்போர்ட் எங்கே என்று மட்டும் கேட்டார். ஓட்டல் பெட்டகத்தில் என்றாள். அதன் எண்ணும் அவனுக்குத்தான் தெரியும்.

"அதைப் பிறகு பாப்பம். நீங்க முன்னுக்கு வந்து ஏறினா நான் நேரே பொலிசுக்குப் போவன். பக்கத்திலதான். கேட்டதெல்லாத்தையும் நானே சொல்லுறன். ஏறாட்டி, ஒண்டும் கேக்காத மாதிரித்தான் திரும்பிப் போவம். உங்கட விருப்பம்."

தூரத்தில் வரிசை நகர்ந்தது. விமலேஷ் முன்னால் நின்றவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

அப்பா என்ன சொல்வார். ஊர் என்ன சொல்லும். பாஷை சரியாக வராத ஊரில் போலீஸ்காரரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது. கோவை வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டி முடிக்கவில்லை. கொடிக்கம்பி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

விமலேஷ் திரும்பினான். படம் எடுக்க ஆள் வேண்டும்; காரைப் பார்த்து விரலை அசைத்தான்.

வா.

அவள் கால்கள் தாமாகவே இறங்கின. எப்போதும் அப்படித்தான். விரல் அசைந்தால் கால் நகரும். கதவைச் சாத்தினாள். குளிர்காற்றில் துப்பட்டா முகத்தில் அடித்தது. விலக்கியபோது அவன் இன்னும் விரலை அசைத்துக்கொண்டிருந்தான்.

முன்கதவு ஓர் எட்டில் இருந்தது.

திறந்தாள். ஏறினாள். மூடினாள்.

கார் கிளம்பியது. அவள் குனிந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். காதுகளைப் பொத்திக்கொண்டாள். அவன் ஓடி வருகிறானா, அங்கேயே நிற்கிறானா, பார்க்கவில்லை. வண்டி ஒரு திருப்பம் திரும்பியது. பிறகு இன்னொன்று.

நிமிர்ந்தபோது தெருவில் கடைகள் போய்க்கொண்டிருந்தன.

மேரியின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்ணாடியில் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்காக்கா?" என்று அவள் கேட்டாள்.

"ஓம்" என்றார் மேரி.

அவள் கையை நீட்டி, தன் பக்கக் கதவின் பூட்டை அழுத்தினாள். பிறகு சாய்ந்து, மேரியின் பக்கத்துப் பூட்டையும் அழுத்தினாள்.