எழாத முகடு

மாலை வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியாகக் கணினியின் மேல் விழுகிறது. ஆராய்ச்சி மாணவி அதைக் கையால் மறைத்துக்கொண்டு திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்க்கிறாள். எதிரே உள்ள குளிர்கலத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இரண்டு காந்தப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, சற்றே திருகி அடுக்கி வைத்திருக்கிறாள். அவற்றின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று ஆடினால் அடுத்ததும் ஆடி, அலையாக ஓடும்; அந்த அலையைத்தான் பச்சைக் கோடு காட்டுகிறது. எந்தப் படலத்திலும் தெரியும் பெரிய முகடு கோட்டில் இருக்கிறது. திருகலால் அதன் பக்கத்தில் எழ வேண்டிய சின்ன முகடு மட்டும் இல்லை. குளிர்கலத்தின் பம்பு கிழவனைப் போல இருமுகிறது. கலத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் தீரப்போகிறது. ஆய்வகத்தையே மூடுவதால் இனி வராது. பின்னால் அவளுடைய சக ஆய்வாளர், அவள் அக்கா என்று அழைப்பவர், கருவிகளைப் பெட்டியில் அடுக்குகிறார்.

“ஒட்டறதுக்குச் சூடாக்கினப்பவே திருகல் நழுவியிருக்கும்டி. இப்ப ரெண்டும் நேரா படுத்துக் கிடக்கு.”

“இன்னும் கொஞ்சம் பாக்கலாம்க்கா.”

“கல்லுல நார் உரிக்கிறோம்.”

அவள் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறாள். ஹீலியம் தீர்ந்து, திரையில் வெப்பநிலை எண் மெல்ல ஏறத் தொடங்குகிறது. அக்கா எழுந்து வந்து அவள் தோளில் கைவைக்கிறார்.

“நிறுத்திடவா?”

அவள் தலையசைக்கிறாள். பம்பு அடங்குகிறது. இத்தனை காலமும் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தியே பேசிப் பழகிய இருவருக்கும், இந்த அமைதியில் என்ன பேசுவதென்று தெரியவில்லை.