துண்டு எத்திராஜ்

"சேப்பாக்கத்துல பாகிஸ்தான்கிட்ட பன்னண்டு ரன்னுல தோத்தோமே, அதான். அதுக்கு மேல ஒரு தோல்வி கெடயாது," என்றார் ஜெகதீசன்.

"அது இந்தியா தோத்தது, மாமு. மெட்ராஸு தோத்தத சொல்லு," என்றான் டில்லிபாபு. "ஐபிஎல் ஃபைனலு. கடைசி பால். ஒரே ஒரு ரன்னுல போச்சு. எங்க வூட்டுல ரெண்டு நாள் அடுப்பு எரியல."

"உங்க வூட்டுல எப்ப எரிஞ்சிது."

யாரோ சிரித்தார்கள். பந்தலுக்குள்ளிருந்து பெண்கள் திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் எத்திராஜ் படுத்திருந்தார். விடிகாலை காசிமேட்டில் ஐஸ் பார் தூக்கிக்கொண்டிருந்தவர், இறக்கிவைத்த கையோடு உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். எடுக்க சாயங்காலம் ஆகும்.

"காலம் பூரா ஐஸு தூக்கினான். இன்னிக்கு ஐஸு அவனத் தூக்கிக்கினு கீது," என்றார் ஜெகதீசன். பிறகு, "கிரிக்கெட்ட வுடுங்க. ராயபுரத்துக்காரனுக்கு ஒரே தோல்விதான். இதோ, இவன் குடுத்தது."



பதினாலு வருஷத்துக்கு முன்னால், மாநில பாக்ஸிங் ஃபைனல். இரண்டு ரவுண்டு முடிவில் ராயபுரத்துப் பையன் பீம்ராவ் பாயின்ட்டில் முன்னால் இருந்தான். மூன்றாவது ரவுண்டு தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவனுடைய மாஸ்டர் எத்திராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரிங்குக்குள் எறிந்தார். மாஸ்டர் துண்டை எறிந்தால் ஆட்டம் முடிந்தது. பையன் தோற்றதாகக் கணக்கு.

"ஒரு சொட்டு ரத்தம் வர்ல பீம்ராவுக்கு," என்றான் டில்லிபாபு. "நானே பாத்தேன்."

"துட்டு வாங்கிட்டான்னு பேசிக்கினாங்க."

"வாங்குனவன் எதுக்கு மாமு ஐஸு தூக்கறான்?"

"எத்தினி வாட்டி கேட்டேன். 'தோணுச்சு, போட்டேன்.' அவ்ளோதான் சொல்லுவான். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டான்."

அதற்குப் பிறகு எத்திராஜிடம் யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. துண்டு அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது.

கடைசி நாற்காலியில் பீம்ராவ் உட்கார்ந்திருந்தான். இப்போது வியாசர்பாடியில் அறுபது பிள்ளைகளுக்கு அவன்தான் மாஸ்டர். ஜெயித்திருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். ஜெயிக்க விடாமல் செய்யப்பட்டவன் என்பதால் மறக்கவில்லை.

டில்லிபாபுவின் போன் அடித்தது. பேனர் கடை.

"போட்டோ வந்துச்சா? பேரா? துண்டு எத்திராஜ்னு போடுப்பா. வெறும் எத்திராஜ்னா எவனுக்குத் தெரியும், இந்தத் தெருவுலயே மூணு எத்திராஜ் கீறாங்க."

பெட்டியருகே இருந்த எத்திராஜின் மனைவி மங்கை எழுந்து வந்தாள். அழுது குரல் கட்டியிருந்தது.

"செத்தப்புறமும் அந்தப் பேருதானா?"

"அண்ணி, அது சொன்னாத்தான் அண்ணன எல்லாருக்கும்..."

"பதினாலு வருஷமா உங்க அண்ணன் தோள்ல துண்டு போடல. தெரியுமா உனக்கு? ஐஸ் பார் தூக்கறவன் சாக்கோ துண்டோ போட்டுக்கினுதான் தூக்குவான். போட்டா பசங்க கத்துவானுங்கன்னு இவரு வெறுந்தோள்ல தூக்குனாரு. தொறந்து பாரு. தோளு கருத்து, மரத்துக் கீது."

டில்லிபாபு போனைக் காதிலிருந்து இறக்கினான்.

மங்கை கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு பீமு. அவரு கெடுத்தது உன் வாழ்க்கையத்தான். கோவப்பட வேண்டியவன் நீ. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இவங்க கேப்பாங்க."

எல்லோரும் பீம்ராவைப் பார்த்தார்கள். அவன் கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். போனில் பேனர் கடைக்காரன் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"துண்டுன்னு போட வேணாம்," என்றான் பீம்ராவ். "பாக்ஸிங் மாஸ்டர் எத்திராஜ்னு போடு."



ஜெகதீசன் தன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்துக்கோங்கடா. கப்ப தட்டிவுட்டவன மன்னிச்சிட்டான். அவந்தான்டா மனுசன்."

மங்கை இரண்டு கைகளையும் கூப்பினாள். "நல்லா இருக்கணும் சாமி நீ. உன் மனசு யாருக்கு வரும்."

பீம்ராவ் எழுந்து பெட்டியிடம் போனான். கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. உள்ளங்கையால் துடைத்துவிட்டுக் குனிந்தான். அன்றைக்கு இரண்டாவது ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்திருந்தபோதும் அந்த முகம் இவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது.

"கால் நடுங்குது மாஸ்டர். அவன்கிட்ட இன்னொரு அடி வாங்க என்னால ஆவாது. துண்ட போட்டுடு. நான் கேட்டேன்னு மட்டும் யாராண்டயும் சொல்லிடாத," என்று அந்தக் காதில் அன்றைக்குச் சொன்னவன் பீம்ராவ்தான்.