வீட்டுக்கு ஒரு சீசா

பர்மா போரில் வீழ்ந்து, அங்கிருந்து வந்த மண்ணெண்ணெய் நின்றுபோன மறு ஆண்டு. ஆட்டையாம்பட்டி மண்ணெண்ணெய்க் கடை வாசலில், நிறைந்த சீசாவோடு ஒரு பெண் எதிரே வந்தாள்.

"அம்மா, அந்நிய எண்ணெயை நம்புவதும் அடிமைத்தனமே! விளக்கெண்ணெய் போதாதா?" என்றேன்.

"அது விக்கிற வெலைக்கு எங்கீங்க போறது? எங்கூட்டுல வெளக்கே எரியறதில்லீங்க சாமி. மகளுக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். இருட்டுலதான் பாக்கோணும்."

"கையில் இருக்கிறதே?"

"இது ஊர்ப் பொதுவுக்குங்க. சாயங்காலக் கூட்டத்துல பெட்ரோமாக்ஸ் எரிக்க, ஊட்டுக்கு ஒரு சீசா குடுத்தே ஆகோணுமாம்."

"அப்படியென்ன கூட்டம்?"

"சீமெண்ணெய் வேண்டாம்னு பேச யாரோ வாராருங்களாம். அவரு மொகம் தெரியோணுமில்லீங்க!"

என் பெயர் அச்சிட்ட துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

மாலையில் நான்கு பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் நடுவே நின்று, "அந்நிய எண்ணெயை விட்டொழிப்பீர்!" என்று முழங்கினேன்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.