நாலு டயரும் ஒரு போட்டோவும்

கல்லைப் படம் பிடிக்கிறான், கதவைப் படம் பிடிக்கிறான், கட்டின பெண்டாட்டியை மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறானே இந்த ஆள் என்று சிங்காரவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து பார்க்கிறார். மெட்ராஸிலிருந்து வந்து அவர் காரை வாடகைக்குப் பிடித்த புதுஜோடி. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், சக்கரக்குளம், துருப்பிடித்த பீரங்கி என்று வெங்கடரமணன் ஒன்றையும் விடவில்லை. மனைவி குறுக்கே வந்தால் மட்டும், "மங்கை, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றான்.

"தள்ளிக்கணுமாம். கொரங்கு உக்காந்திருந்தா தள்ளச் சொல்ல மாட்டான்," என்று காரைத் துடைத்தபடி முணுமுணுத்தார்.

கார் அவருடைய சொந்தக் கார். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கி, லாரி கழுவி, அடி உதை வாங்கி, கடைசியில் பேரம் பேசியே பிடித்த பழைய ஆஸ்டின். டயர்கள்தான் வழுக்கை. பனமலை போகும் வழியில் ஒன்று பட்டென்று உட்கார்ந்துவிட்டது.

ஸ்டெப்னி மாட்டும்போதும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னும் ஒரு மாசம்தாம்மா. நாலும் புதுசா வந்துரும். என் பையனுக்குப் பொண்ணு பாத்திருக்குது. பனமலையிலதான். அவங்கப்பன் துரைக்கண்ணு பசுமாடு தரேங்கறான். மாட்ட வச்சி நான் காரை ஓட்ட முடியுமா? சைனா சண்டைக்கப்புறம் டயர் விக்கிற வெலைக்கு நாலு டயர் குடுய்யான்னேன். முழிக்கிறான்."

"பொண்ணு எப்படி?" என்றாள் மங்கை.

"அதுக்கு இன்னா கொறை? எங்க வூட்ல எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு." சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு கிடந்த போட்டோவை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு ஸ்டுடியோவில், காகித ரோஜா ஜாடிக்குப் பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் கண்ணம்மாள். "இன்னிக்கு இதத் திருப்பிக் குடுக்கப் போறேன். தரகன் மூலமா சொல்லியும் வுட்டேன்."

"பிடிச்சிருக்குன்னீங்களே?"

"பிடிச்ச சரக்கக் கீழ வச்சிட்டுக் கடைய வுட்டு எறங்கணும்மா. பின்னாலயே கூப்டுவான் பாருங்க. நாலு டயரோட."

மங்கை போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

பனமலையில் ஏரி தளும்பிக் கிடந்தது. குன்றின் மேல் ஒரு கோயில், தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு கோயில். வெங்கடரமணன் இரண்டையும் எடுத்தான். கரையில் படுத்திருந்த எருமையையும் எடுத்தான். "மங்கை, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றான்.

சிங்காரவேலுவுக்குப் பொறுக்கவில்லை. சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த வெற்றிலையோடு எழுந்து போனார்.

"சார், கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. எருமைக்கு ஒரு படம் உண்டு. இந்த மகராசிக்கு ஒண்ணு கெடயாதா? கோயிலு எங்கயும் ஓடிப் போவாது சார். பொம்பள மனசு இன்னா கல்லா? உங்களுக்குப் போயிப் பொண்ணு குடுத்தாங்க பாருங்க, அவங்களச் சொல்லணும்."

வெங்கடரமணன் கோபப்படவில்லை. மனைவியை ஒரு தடவை பார்த்தான். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையோடு நடந்துவிட்டான்.

"அவரத் திட்டாதீங்க," என்றாள் மங்கை. "எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். கல்யாணத்தன்னைக்குக்கூட எடுக்க விடலை."

"ஏம்மா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தாச்சு. அத எங்கப்பா ஊர் ஊரா அனுப்பினார். போன எடத்துலேருந்தெல்லாம் திரும்பி வந்தது. பொண்ணு பிடிச்சிருக்கு, ரேடியோ முடியுமா? பொண்ணு பிடிச்சிருக்கு, யோசிச்சுச் சொல்றோம். இப்படியே." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "கடைசியா வந்தப்ப என் கன்னத்துல ஒரு சுண்ணாம்பு விரல். யாரோ வெத்தலை போட்டுக்கிட்டே பாத்திருக்காங்க. அம்மா ஈரத்துணியால அழுத்தித் தொடச்சாங்க. சுண்ணாம்போட கன்னமும் போயிடுச்சு. அந்தக் கன்னமில்லாத படத்தப் பாத்துட்டுத்தான் இவர் வந்தார். இனிமே யாரும் என்னப் படம் எடுக்க வேண்டாம்னேன். சரின்னார். அவ்வளவுதான்."

அவளும் கரையோடு போய்விட்டாள்.

சிங்காரவேலு வெற்றிலையை வாயில் போடவில்லை. பையிலிருந்த போட்டோவை வெடுக்கென்று எடுத்துப் பார்த்தார். எடுத்த வேகத்தில் பெருவிரல் கண்ணம்மாளின் கன்னத்தில் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. அவசரமாக வேட்டி முனையால் துடைக்கப் போனார். கை பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து, கார் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட துரைக்கண்ணு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தான்.

"அண்ணே, போட்டோவத் திருப்பிடாதீங்கண்ணே. ஊர்ல எங்க மானம் போயிரும். பசுவையும் கடலை மூட்டையையும் வித்துடறேன். நாலு டயரும் வாங்கிக் குடுத்துடறேன்."

நினைத்தது நடந்துவிட்டது. சிங்காரவேலு காரைப் பார்த்தார். ஸ்டெப்னியும் வழுக்கைதான். ஊர் போய்ச் சேருமா என்பதே சந்தேகம். அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"யோவ், டயர யாருய்யா கேட்டா?"

துரைக்கண்ணு முழித்தான். "நீங்கதாண்ணே..."

"பேசாத. போட்டோவுல என் சுண்ணாம்புக் கை பட்டுப் போச்சு. கறை பண்ண சரக்க எந்தக் கடைக்காரன்யா திருப்பி வாங்குவான்? போ, போயி கல்யாணத்துக்கு நாளப் பாரு."