திரும்பிப் பார்த்த ஆமை

கொட்டாங்கச்சியில் ஒட்டியிருக்கிற நாரைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறேன். நாளைக்கு என் மகள் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகணும்.

இதே மாதிரி ஒரு கொட்டாங்கச்சியும் தங்க நிற ஸ்வீட் பெட்டி ஒன்றும் ஒரு வகுப்புக்கு வந்து சேர்ந்தன. எழிலி என்கிற பிள்ளை பெட்டியை வீடாகவும் கொட்டாங்கச்சியை ஆமையாகவும் செய்தாள். எதைப் பற்றிக் கதை எழுதுகிறாளோ அது அலமாரிக்கு, மற்றது குப்பைக்கூடைக்கு என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"நான் கல்யாண வீட்டுப் பெட்டியாக்கும். உன்னைத் துருவி முடித்துத் தூக்கிப் போட்டாங்கதானே?" என்றது பெட்டி.

பாட்டில் மூடியில் செய்த ஆமையின் தலையை எழிலி அவசரத்தில் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டியிருந்தாள்.

எழிலி முதலில் பெட்டியைப் பற்றி எழுதினாள். "இது ஸ்வீட் பெட்டி. இதில் லட்டு இருந்தது. தீர்ந்துவிட்டது." அதற்கு மேல் வரவில்லை.

"மாப்பிள்ளை வந்த காரை எழுது!" என்று பெட்டி கத்தியது.

"நான் பார்க்கலையே," என்றவள் ஆமையிடம் திரும்பினாள். "நீ ஏன் பின்னாடி பார்க்கிறே?"

கொட்டாங்கச்சிக்குப் பேசவே கூச்சம். ஆனால் குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது.

"யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு," என்றது.

எழிலி உடனே புதுப் பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்தாள். தலைகூட நிமிரவில்லை. பெட்டிக்கே பொறுக்கவில்லை.

"யாரு கூப்பிட்டது? சொல்லேன்!"

கூப்பிட்டது யாரென்றால், குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு... இதோ வரேன் அத்தை, கையெல்லாம் நாரா இருக்கு, பாப்பாவை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோங்க...