போணி ஆகாத மண்டபம்

கிட்டே நகர்ந்து உட்காருங்கள், செல்லங்களா. நான் நேரில் பார்த்து மலைத்துப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் புறநகர்க் கடைவளாகத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றிக் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். கடை திறக்கும் முன்பே கடைக்காரர்கள் எல்லோரும் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். “இடிக்கச் சம்மதம்தானே?” என்றார் அதிகாரி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் போணி ஆகுமுன் யாரையும் மறுத்து ஒரு சொல் சொன்னால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

“பேசலன்னா சம்மதம்னு எழுதிக்குவேன்” என்று பேனாவைத் திறந்தார்.

மாடிப்படிக்குக் கீழே பூ விற்கும் தெய்வானைக்கு அந்த இடம் போனால் வேறு போக்கில்லை. வளையல்கடை ஜமீலா அவள் பக்கம் சாய்ந்தாள். “ஏ புள்ள, ஒரு முழம் குடு. பூவ மடியிலயே காய வைக்கவா வந்த?”

காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தெய்வானை எழுந்தாள். “சம்மதமில்ல சார்.” உடனே ஜமீலாவின் கையிலிருந்தே ஒரு வளையலை விலைக்கு வாங்கினாள். ஜமீலாவும் எழுந்து மறுத்தாள். பிறகு தையற்காரரின் காலரில் குத்தியிருந்த ஊசியை வாங்கினாள். அவரும் எழுந்தார். இப்படியே வரிசை வரிசையாக மண்டபம் எழுந்துகொண்டே வந்தது. தேர் நிலை பெயரும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

எலுமிச்சம்பழக்காரர் மரியசூசை மட்டும் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. நேராக மேடையேறி அதிகாரியிடமே ஒரு பழத்தை நீட்டினார். “எனக்கு நீங்கதான் சார் போணி பண்ணணும்.”

அதிகாரி பழத்தைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த மண்டபத்தைப் பார்த்தார். அவர் கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது.

உங்கள் வீட்டில் உலை கொதிக்காத நாள் வராதிருக்கட்டும், கண்ணுகளா, பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருங்கள்.