நாற்பத்தேழாம் எண்

கழுத்துப்பட்டையில் உறுத்திய பித்தளை எண் வில்லையை அவன் விரலால் தடவினான்.

ஓரம் மடங்கியிருந்தது. அவனுக்குக் கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது.

மைதானத்தில் ஒரே வரிசை. வெள்ளைக்காரப் போலீஸ் பதினாறு பேர். வால் மாதிரி கடைசியில், கடல் கடந்து பிழைக்க வந்த நம்மவர் மூன்று பேர். மூன்றாவது ஆள் அவன்.

எதிரே மேஜை. மேஜைமேல் பாராட்டுப் பத்திரங்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு பீரங்கிக் குண்டின் சில்லு.

துரைமாரோடு சண்டைக்கு வந்த போயர்கள் மலையில் ஏறி உட்கார்ந்து ஊரை வளைத்துக் குண்டு போட்டார்கள். அந்த நூற்றுச் சொச்சம் நாளும் ஊரைக் காத்தவர்களுக்கு இன்று மரியாதை.

அந்த நாளில் அவன் போலீஸே இல்லை. ரயிலுக்குக் கரி வாரிக்கொண்டிருந்தான்.

அப்போது நாற்பத்தேழாம் நம்பர் போலீஸ் இருசப்பன்.

கூலி லைனில் குண்டு விழுந்து கூரை பற்றிய அன்று, ஆறு பேரை இழுத்து வெளியே போட்டவன். ஏழாவது ஆளுக்காக உள்ளே போனான்.

மறுநாள் சாம்பலைக் கிளறி எண் வில்லையை மட்டும் எடுத்தார்கள். ஸ்டோரில் வைத்தார்கள். முற்றுகை விலகியதும் கரிமேட்டிலிருந்து இவனைப் பிடித்துவந்து அதையே மாட்டினார்கள்.

பட்டியல் எழுதிய துரை வெறும் எண்களை எழுதிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

இந்தப் பத்திரம் செத்தவருக்கு வந்தது என்று சார்ஜண்டு தெய்வசிகாமணியிடம் முந்தாநாளே சொல்லிப் பார்த்தான். அவர் பல் குத்துவதை நிறுத்தவில்லை.

"நம்பரைக் கூப்பிட்டா நம்பர் போவணும். ஆளைப் பத்தி உனக்கென்னடா? ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா நம்மாளுங்க மூணு பேரையும் பட்டியல்லேர்ந்து அடிச்சுடுவான். வாயைத் தொறந்தே, மறுபடி கரிதான்."

நேற்று காத்தாயியைத் தேடிப் போனான். இருசப்பன் பெண்சாதி. ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போனதும் போலீஸ் லைன் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். படுக்கை இப்போது பாலத்துக்கடியில். பத்திரம் கையில் இருந்தால் அறை திரும்பக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் சொன்னான். அவள் சுத்தியல் நிற்கவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று மட்டும் கேட்டாள்.

நம்பர்தான் என்றான்.

"நாலு வருசம் தினம் புளி போட்டுத் தேச்சவ நான். அந்த நம்பரு எனக்குத் தெரியாதா?"

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாறு பேரும் போய் வந்தார்கள். கைதட்டல். அப்புறம் நம்மவரில் பதினெட்டாம் நம்பர். கைதட்டல். முப்பத்திரண்டாம் நம்பர்காரன் பத்திரத்தோடு திரும்பிவந்து பக்கத்தில் நின்று, உதடு அசையாமல், கரிக்காரனுக்கு வந்த வாழ்வைப் பார் என்றான்.

அவன் சிரிக்கவில்லை.

இதற்காகத்தான் காத்திருந்தான். நம்மவர் மற்ற இரண்டு பேர் பத்திரமும் கைக்கு வந்தாயிற்று. இனி யாருடையதையும் பிடுங்க முடியாது, அவனுடைய வேலையைத் தவிர.

கரி வாரும் சட்டி எங்கும் போய்விடாது.

"ஃபார்ட்டி செவன்."

அவன் அசையவில்லை.

மேஜைக்குப் பின்னால் நின்ற புதுத் துரை தாளைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். வரிசைக்கு வெளியே நின்ற தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு போடா என்றது அவன் காதில் விழுந்தது.

அவன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான். கொக்கி கழன்றது.

ஓரடி பின்னால் எடுத்து வைத்தான்.

வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியானது.

பின்னால் கயிறு அசைந்தது. சரளைக்கல்லில் வெறுங்கால் சத்தம். யாரோ அதட்டினார்கள். சத்தம் நிற்கவில்லை.

பக்கத்தில் வந்ததும் கையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

காலியாக இருந்த இடத்தைக் கடந்து மேஜையைப் பார்த்து நடந்தாள்.

நடந்தபடியே அதை முந்தானையில் ஒரு தேய் தேய்த்தாள்.